பேராக் ஸ்டேடியம்: ஊர்ச் சொத்தின் வரவும் செலவும்

ஈப்போ நகரத்தில் வீடோ கடையோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி முடிவதற்குள் ஒரு தவணையும் ஆகஸ்ட் முடிவதற்குள் மறு தவணையுமாக, மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி செலுத்துகிறார். வாய்வழக்கில் நாம் ‘சுக்காய் பிந்து’ என்று சொல்லும் அந்தப் பணம் குப்பை அள்ளவும், சாக்கடை சீர்செய்யவும், தெருவிளக்கு எரிக்கவும் பயன்படுகிறது என்பது யாவரும் அறிந்த விஷயம். ஆனால் அதே பொக்கிஷத்திலிருந்துதான், 42,500 பேர் அமரத்தக்கதாகச் சொல்லப்படும் ஒரு பெரிய அரங்கத்தின் புல்லுக்கும், விளக்குக் கம்பங்களுக்கும், காவலுக்கும், வண்ணப்பூச்சுக்கும் ஆண்டுதோறும் செலவு செய்யவேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் சிலரே. அந்த அரங்கத்தின் வரவு செலவைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு. அவற்றை இயன்றவரை எளிமையாகச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக் ஸ்டேடியம் 1965-ஆம் ஆண்டில் எழுந்தது. ஈயமும் ரப்பரும் கிந்தா பள்ளத்தாக்கைச் செழிப்பில் வைத்திருந்த காலம் அது. ஆகவே ஒரு மாநிலத் தலைநகருக்கு இத்தனை பெரிய அரங்கம் அவசியமா என்ற கேள்வி அன்று எவருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. இன்று அந்த வட்டாரத்தில், கால்பந்து அரங்கத்தோடு, சுல்தான் அஸ்லான் ஷா பெயர் தாங்கிய ஹாக்கி அரங்கமும், இந்திரா முலியா உள்ளரங்கமும், சைக்கிள் பந்தயத்துக்குரிய வெலோட்ரோமும், நீச்சல் குளமும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. 1994-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் ‘சுக்மா’ விளையாட்டு விழாவைப் பேராக் மாநிலம் ஏற்று நடத்தியது. 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்லான் ஷா கோப்பை ஹாக்கிப் போட்டி இந்திய அணியை இந்த ஊருக்கு அழைத்து வந்து, புந்தோங்கிலிருந்தும் சிலிபினிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நம் மக்களை அரங்கத்தில் கொண்டுவந்து அமர்த்தியது. கால்பந்திலோ, மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற பெருமை பேராக்குக்கு உண்டு. 1926-இல் தொடங்கிய அந்த வரிசையில் 2018-ஆம் ஆண்டு வெற்றியே கடைசியாக வந்தது.

அரங்கம் எழுந்த அதே 1965-ஆம் ஆண்டில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி, நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். அதற்கு முன்பு ஈப்போ மக்கள் தங்கள் நகராண்மைக் கழகத்தைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவராகவும், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய டி.ஆர். சீனிவாசகம் அக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். முன்பு கொரோனேஷன் பூங்கா என்றிருந்த நகரப் பூங்கா இன்று அவர் பெயரால் வழங்குவது அந்தக் காலத்தின் ஞாபகச் சின்னமே. நிறுத்திவைக்கப்பட்ட தேர்தல் மீண்டும் வரவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தேர்தல் முறையையே நீக்கி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்திவிட்டது. ஆகவே, ஊருக்கு ஒரு பெரும் சொத்து வாய்த்த காலமும், அந்தச் சொத்தை யார் பரிபாலிக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் வாக்கு ஊராரின் கையை விட்டுப் போன காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அரங்கத்தின் கணக்கைப் பற்றிப் பேசும்போது இந்தச் சரித்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது.

அடுத்து வந்த இடி பொருளாதாரத்தைச் சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலை தேடி இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்கள். 1988 மே 27 அன்று ஈப்போ மாநகர் என்ற அந்தஸ்தைப் பெற்றபோது, கௌரவம் உயர்ந்ததே ஒழிய, அந்தக் கௌரவத்தைத் தாங்கி நின்ற பழைய செல்வத்தின் அஸ்திவாரம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. செல்வம் மிகுந்த நாளில் கட்டிய மாளிகையைச் செல்வம் குன்றிய நாளில் பராமரிப்பது எத்தகைய பாரம் என்பதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஓர் அரங்கத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது? கல்யாண மண்டபம் நடத்துபவரைக் கேட்டால் இதன் சூட்சுமத்தை உடனே சொல்லிவிடுவார்: முகூர்த்த நாட்கள் ஆண்டில் சிலவே, வாடகை அந்த நாட்களில்தான் வரும், ஆனால் கூரையும் மின்சாரமும் காவற்காரரும் முகூர்த்தம் பார்த்துச் செலவு வைப்பதில்லை. கால்பந்து அரங்கத்தின் நிலைமையும் இதுவே. பதின்மூன்று பதினான்கு அணிகள் மோதும் லீக் போட்டியில் ஓர் அணி சொந்தத் திடலில் ஆடுவது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்களையும் கூட்டினால் இருபதைத் தாண்டுவது அரிது. எஞ்சிய முந்நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட நாட்களில் பெரும்பாலானவற்றில் அரங்கம் வெறுமனே நிற்கிறது. வெறுமனே நிற்பதற்கும் பணம் வேண்டியிருக்கிறது.

ஆட்டம் நடக்கும் நாளிலாவது அரங்கத்தின் சொந்தக்காரருக்கு வருமானம் பெருகுகிறதா என்றால், அதுவும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு பேச்சுக்கு, தலைக்கு 15 வெள்ளி கொடுத்து 5,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 75,000 வெள்ளி. இந்தத் தொகை அப்படியே மாநகர் மன்றத்தின் பெட்டியில் விழுவதில்லை. டிக்கெட் பணம் ஆட்டத்தை நடத்தும் கழகத்துக்கு உரியது. கேளிக்கை வரி விதிக்கப்பட்டால், அரசியல் சாசனப்படி அது மாநில அரசைச் சேரும். சொந்தக்காரரான மன்றத்துக்குக் கிட்டுவது அரங்க வாடகையும், கடை, விளம்பரப் பலகை, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றிலிருந்து ஒப்பந்தப்படி வரும் சில்லறை வரவும் மட்டுமே. வாடகையை உயர்த்தலாமே என்று தோன்றலாம். உயர்த்தினால், ஏற்கெனவே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் திணறும் கழகம் மேலும் திணறும். குறைத்தால், வித்தியாசத்தை வரி செலுத்துவோர் தாங்கவேண்டும்.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். ரசிகரின் கண்ணுக்குப் பச்சைக் கம்பளமாகத் தெரியும் திடலுக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தால், அது எத்தனை நுட்பமான ஏற்பாடு என்பது புலப்படும். மேலே புல், அதற்கடியில் மணல் கலந்த படுகை, அதற்குக் கீழே சரளையும், மழைநீரை வடித்து வெளியேற்றும் குழாய்களும். ஈப்போவில் மாலை நேரத்து இடிமழை பெய்யும் வேகம் நமக்குத் தெரியும். படுகை இறுகிப்போனாலோ, குழாயில் மண் அடைத்தாலோ, அரை மணி நேர மழையில் கோல் கம்பத்தின் முன்னே குளம் கட்டிவிடும். ஆகவே புல்வெளியில் முள் உருளைகளை ஓட்டித் துளையிட்டு, மணல் தூவி, உரமிட்டு, வெட்டி, மீண்டும் நீர் பாய்ச்சும் வேலை ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கவேண்டும். ‘கௌ கிராஸ்’ என்று இந்நாட்டில் யாவரும் சொல்லும் அகன்ற இலைப் புல் வெயிலையும் மிதியையும் தாங்கும். ஆனால் பந்து அதன்மேல் சீராக ஓடாது. அதனால்தான் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் அதை அகற்றிவிட்டு ‘ஸியோன் ஸோய்சியா’ என்னும் நுண்ணிலைப் புல்லை நட்டார்கள். மெல்லிய புல் நல்ல ஆட்டத்தைத் தரும். பேணுவதில் கவனமும் பணமும் கூடுதலாகக் கேட்கும்.

புல்லுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு மாதந்தோறும் கண்முன் வந்து நிற்பதால், அதை எவரும் மறந்துவிட முடியாது. மறக்கப்படுவது தேய்மானம். இருக்கை வெயிலில் வெளுத்து வெடிக்கும். ஓடுதளத்தின் செயற்கைத் தளம் சுமார் பத்தாண்டுகளில் உரிந்துபோகும். கான்கிரீட்டுக்குள் நீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். இவற்றை மாற்றுவதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்காத ஸ்தாபனம், பத்தாவது ஆண்டிலோ இருபதாவது ஆண்டிலோ ஒரு பெருந்தொகையின் முன்னே கைபிசைந்து நிற்கும். பெரிய போட்டி ஒன்று வரும்போது மட்டும் மேலிடத்திலிருந்து மானியம் வரும், அவசர அவசரமாகப் பழுது பார்ப்பார்கள், போட்டி முடிந்ததும் பழையபடி பராமரிப்பு குன்றும்.

இதற்கு நம் நாட்டிலேயே திருஷ்டாந்தங்கள் இருக்கின்றன. 2018 அக்டோபரில் ஷா ஆலம் அரங்கத்தில்தான் பேராக் அணி திரங்கானுவைப் பெனால்டி உதைகளில் வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, எண்பதாயிரம் பேரைக் கொள்ளும் பிரம்மாண்டமாக நின்ற அந்த அரங்கம், முப்பதாண்டு நிறைவதற்குள் பாதுகாப்பற்றதென்று மூடப்பட்டு, 2024-இல் இடிக்கப்பட்டு, அங்கே சிறியதோர் அரங்கம் எழுப்பும் வேலை தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. கோலத் திரங்கானுவில் 2008-இல் திறக்கப்பட்ட அரங்கத்தின் கூரையோ, மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே சரிந்து விழுந்தது. அறுபது ஆண்டுகளைக் கடந்து இன்னும் நிற்கும் ஈப்போ அரங்கத்தைக் கட்டியவர்களையும் இத்தனை காலம் பேணியவர்களையும் இந்த ஒப்பீட்டில் மனமாரப் பாராட்டவேண்டும்.

ஆனால் அதற்கு இப்போது வேறொரு சோதனை வந்திருக்கிறது. இத்தகைய அரங்கத்தின் ஜீவாதாரம் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஓர் அணி. தனியார் கைக்கு மாறியிருந்த பேராக் கால்பந்துக் கழகம் பணநெருக்கடிக்குப் பின் 2025-26 பருவத்தில் சூப்பர் லீகிலிருந்து விலகிக்கொண்டது. குடியிருந்தவர் சென்றுவிட்டார் என்பதற்காக வீட்டுக்காரர் கூரையைப் பிரித்துவிட முடியாது. புல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். தனியார் நிறுவனம் நஷ்டம் வந்தால் கடையைக் கட்டிக்கொண்டு போகலாம், நகரம் போக முடியாது என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை.

உலகத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1976 ஒலிம்பிக் விழாவுக்காக மான்ட்ரியல் நகரம் கட்டிய அரங்கத்தின் கடன், புகையிலை வரியைக் கொண்டு சிறுகச் சிறுக அடைக்கப்பட்டு, முப்பதாண்டுகள் கழித்து 2006-ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. சிங்கப்பூரோ, 133 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் 2014-இல் திறந்த தன் விளையாட்டு மையத்தைத் தனியார் கூட்டமைப்பொன்றிடம் நீண்டகால ஒப்பந்தத்தில் விட்டுப் பார்த்தது. ஒப்பந்தக் காலம் முடிய இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தபோதே, 2022 டிசம்பரில் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்கும் சமூக விளையாட்டுகளுக்கும் அரங்கத்தை மேலும் திறந்துவிடவேண்டும் என்பதே அதற்குச் சொன்ன முக்கியக் காரணம்.

தமிழர் நகரங்களையும் எண்ணிப் பார்க்கலாம். சென்னை மாநகராட்சிக்குச் சொந்தமாயிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956 ஜனவரியில் வினு மன்கடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த சாதனையைப் படைத்தார்கள். அந்த இடத்தில் இன்றிருக்கும் ஜவாஹர்லால் நேரு அரங்கம் 1993-இல் புதுப்பித்து எழுப்பப்பட்டு, மாநில அரசின் விளையாட்டு ஆணையத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. பெரும் பராமரிப்பை ஒரு நகரம் தனியே சுமப்பது கடினம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. யாழ்ப்பாண மாநகர சபையின் துரையப்பா அரங்கமோ, யுத்த காலத்தில் பாழ்பட்டுக் கிடந்து, இந்திய அரசின் உதவியால் சீர்செய்யப்பட்டு, 2016 ஜூன் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் மறுபடியும் ஓடத் தொடங்கியதன் மதிப்பை எந்த ஐந்தொகையில் எழுதிக் காட்டுவது?

இவ்விடத்தில் தோட்டப்புறத்தை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்களில், லயங்களுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு திடல் இருக்கும். நான் வளர்ந்த தோட்டத்தில், இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கோல் கம்பங்கள். அடியில் ஆணியால் துளையிட்ட பால் டின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தட்டித் தட்டிப் போட்ட வெள்ளைக் கோடுகள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால், பால்வெட்டி முடித்து, குளித்து, மத்தியானச் சோறு உண்டுவிட்டு மொத்தத் தோட்டமும் வந்து நிற்கும். புல் வெட்ட நிர்வாகம் ஆளனுப்பும். பந்து கிராணியின் அலுவலகத்திலிருந்து வரும். நுழைவுச் சீட்டும் இல்லை, வரியும் இல்லை. எல்லாம் இலவசமாகக் கிடைத்த அந்தத் திடல் ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை என்பதை, தோட்டம் கைமாறிய பிறகே உணர்ந்தோம். புதிய முதலாளி லயங்களைக் காலி செய்யச் சொன்னார். திடலில் செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் சட்டப்படி எவருக்கும் இருக்கவில்லை.

தோட்டத் துண்டாடல் தீவிரமாக நடந்த நாட்களில், இந்த ஆபத்தை முன்னுணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1960-ஆம் ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளிகளைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அது நிலைக்காது. சொந்தமாக்கிக்கொள்ள விரும்புகிறவன் தன் கையிலிருந்து பணம் போடவேண்டும். பணம் போட்டவன் கணக்குக் கேட்கவேண்டும். அந்த இயக்கம் கற்பித்த இந்தப் பாடம் ரப்பர் நிலத்துக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவும் நகரத்து அரங்கத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, பேராக் ஸ்டேடியம் லாபம் ஈட்டவில்லை என்று எவரேனும் குறைகூறினால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நூலகத்திடமும் பூங்காவிடமும் நாம் லாபம் கேட்பதில்லை; பொது அரங்கத்தின் பிரயோஜனமும் அந்த வகையைச் சேர்ந்ததே. நஷ்டம் என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் ஊர் தன் பிள்ளைகளின் தேகப் பயிற்சிக்கும், தன் மக்களின் பொதுக் களிப்புக்கும் கொடுக்கும் விலை. ஆனால் விலை கொடுக்கிறவனுக்கு இரண்டு உரிமைகள் உண்டு: எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது ஒன்று; கொடுத்ததற்குரிய பயன் தன் வீட்டு வாசல் வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று.

முதல் உரிமைக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். அரங்கத்தின் வாடகை வரவு இவ்வளவு, புல், மின்சாரம், ஆட்கூலி, பழுதுபார்ப்புச் செலவு இவ்வளவு, தேய்மானத்துக்காக ஒதுக்கியது இவ்வளவு, மாநில அரசும் மத்திய அரசும் தந்த மானியம் இவ்வளவு, ஆண்டில் இத்தனை நாட்கள் இன்னின்னார் பயன்படுத்தினார்கள் என்று, மன்றத்தின் பொது வரவு செலவிலிருந்து பிரித்தெடுத்து, வரிப் பத்திரத்தோடு இணைத்து நான்கு மொழிகளிலும் அனுப்பினால் போதும். உள்ளூராட்சிச் சட்டப்படி மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்கவேண்டியவை. ஆண்டு வரவு செலவுத் திட்டமும் தணிக்கையும் சட்டம் விதித்த கடமைகள். வாக்குச் சீட்டு இல்லாத ஊரில் கணக்குத் தாளே மக்களின் பிரதிநிதியாக நிற்கவேண்டும்.

இரண்டாவது உரிமை பயனைப் பற்றியது. பெரிய அணி ஆடாத நாட்களில் வெளிவட்ட ஓடுதளமும் உள்ளரங்கமும் தமிழ்ப் பள்ளிகளின் விளையாட்டு விழாவுக்கும், வட்டாரக் கழகங்களின் பயிற்சிக்கும், மாலையில் நடக்க வரும் முதியவர்களுக்கும் தாங்கத்தக்க கட்டணத்தில் கிடைக்கவேண்டும். அரங்கத்துக்கு ஒதுக்கும் தொகையோடு, தோட்டங்களை இழந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த குடியிருப்புகளின் சின்னஞ்சிறு திடல்களுக்கும் ஒரு பங்கு நிச்சயமாக ஒதுக்கப்படவேண்டும். ஏனெனில் சிறு திடலில் பந்து உதைக்காத பிள்ளை பெரிய அரங்கத்தில் ஆடப்போவதில்லை, ஆட்டம் பார்க்கவும் வரப்போவதில்லை.

தோட்டத்துத் திடல் போனபோது நமக்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. அது துரையின் சொத்து. இந்த அரங்கம் அப்படியன்று. நம் வரிப் பணத்தில் அதன் புல் வளர்கிறது. அதன் நிலத்தை விற்கவோ, இடிக்கவோ, தனியாருக்கு நீண்ட குத்தகைக்கு விடவோ ஒரு யோசனை என்றேனும் எழுமானால், கணக்கறிந்த ஓர் ஊரை முதலில் கேட்டாக வேண்டிய நிலையை நாம் இன்றே உண்டாக்கி வைக்கவேண்டும். அதற்கான வேலை மன்றத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் பத்துப் பேர் சென்று அமர்ந்து, அரங்கத்தின் வரவு செலவு என்ன என்று மரியாதையோடு கேட்பதில் தொடங்குகிறது.